அனுப்பும் வரைதான் நம் கையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், பாடுகிறவர்கள் என்று எனக்குப் பழக்கமான இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கொஞ்ச காலமாகவே அவர்களிடம் பேசிவிட்டு வந்தால் மனசு கனத்துப் போகிறது. இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டால், போன மாதம் போட்டதை எத்தனை பேர் பார்த்தார்கள், எந்தப் போட்டியில் முதல் சுற்றோடு கதை முடிந்தது, எந்தப் பதிப்பகம் இன்னும் பதில் போடாமல் இருக்கிறது என்பதுதான் பதிலாக வருகிறது. கையில் இருக்கும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பல பேரிடம் கையில் வேலையே இல்லை. பதிலுக்குக் காத்திருப்பதே முழுநேர வேலையாகிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் கோட்டோவியம் வரைகிறவர். கைகளை வரைவதில் அப்படி ஒரு தேர்ச்சி. ஊசியில் நூல் கோக்கும் இரண்டு கைகளை அவர் ஒருமுறை வரைந்திருந்தார், அதைப் பார்க்கிறவர்கள் நூல் உள்ளே போகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் படங்களைப் போட்டுவந்த செயலி, எதை யார் கண்ணில் முதலில் காட்டுவது என்ற முறையைத் திடீரென்று மாற்றிவிட்டது. ஆயிரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஐம்பது அறுபது பேர்கூட எட்டிப் பார்க்கவில்லை. படத்தில் ஒரு கோடுகூடத் தரம் இறங்கவில்லை, மாறியது எங்கோ இருக்கும் ஒரு கணினியின் கணக்கு மட்டும்தான். ஆனாலும் அவர், எனக்கு வரைய வரவில்லை போலிருக்கிறது என்று சொல்லி வரைவதையே விட்டுவிட்டார். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அதுதான். யாரோ எடுத்த ஒரு முடிவைத் தன் திறமைக்கான தீர்ப்பாக ஒருவர் எடுத்துக்கொள்கிறார் என்றால், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கச் சொன்னவர்கள் பல மரபுகளிலும் இருக்கிறார்கள். எபிக்டெடஸ் என்ற ஞானி ரோமப் பேரரசில் அடிமையாக வாழ்ந்தவர். அவர் சொல்லிக்கொடுத்ததை மாணவர் ஒருவர் குறித்துவைத்த சிறு கையேடு, இந்தப் பிரிவினையிலிருந்துதான் தொடங்குகிறது. உடம்புகூடத் தனக்குச் சொந்தமில்லாமல் இருந்த ஒரு மனிதர் இதைச் சொன்னார் என்பதால் எனக்கு அதன் மீது தனி மரியாதை. அந்த மரபுக்காரர்கள் வில்லாளியை உதாரணமாகச் சொல்வார்கள். நாணை இழுப்பது, குறி பார்ப்பது, மூச்சை அடக்குவது, விடுவது எல்லாம் வில்லாளியின் பாடு. விட்ட பிறகு காற்று அடிக்கலாம், இலக்கே நகர்ந்துபோகலாம். நன்றாக எய்தானா என்பதை அம்பு கையை விட்டுப் போகும் வரை நடந்ததை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் வேதாந்தம், நடைமுறைக்கு உதவாது, நல்ல சரக்கு எப்படியும் விலைபோகும் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்காக ஒரு ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்று மூன்று ஆய்வாளர்கள் செய்து 2006இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000க்கும் மேற்பட்டவர்களைக் கேட்க வைத்தார்கள். பிடித்ததைத் தரவிறக்கிக்கொள்ளலாம். ஒரு பகுதியினருக்குப் பாடல் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, அவரவர் கூட்டத்தில் எந்தப் பாடலை இதுவரை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எட்டுக் கூட்டங்களுக்கும் பாடல்கள் ஒன்றுதான், கேட்டவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள்தான். ஆனால் எட்டிலும் எட்டு விதமான வெற்றிப் பட்டியல் வந்தது. ஒரு பாடல் ஒரு கூட்டத்தில் முதலிடம் பிடித்தது, அதே பாடல் இன்னொரு கூட்டத்தில் நாற்பதாவது இடத்துக்குப் போய்விட்டது. ஆரம்பத்தில் நாலு பேர் எதைத் தொட்டார்களோ, அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் தொட்டார்கள்.

அந்த ஆய்வின் இன்னொரு பாதியையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாம் தலையெழுத்து என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார அது சாக்காகிவிடும். எண்ணிக்கையைப் பார்க்காமல் கேட்டவர்கள் மிகச் சிறந்தவை என்று தேர்ந்த பாடல்கள் எந்தக் கூட்டத்திலும் அடிமட்டத்துக்குப் போனது அபூர்வம். மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அபூர்வம். நடுவில் இருந்தவற்றுக்குத்தான் எதுவும் நடக்கலாம் என்ற நிலை. ஆக, வேலையின் தரம் வீண்போவதில்லை, ஒரு எல்லை வரைக்கும் அது நம்மைத் தூக்கிவிடும். அதற்கு மேல் முதலிடமா நாற்பதாவது இடமா என்பதை வேறு என்னென்னவோ சேர்ந்து முடிவு செய்கின்றன. அந்த முதல் எல்லை வரைக்கும் போவது நம் பாடு. ஒரு வாழ்நாளுக்குப் போதுமான வேலை அதிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்படியானால் அந்த வேலை என்ன? இளைஞர்கள் இதைக் கேட்கும்போது பொதுவாக முயற்சி, உழைப்பு, விடாமுயற்சி என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு சிறுகதையை எடுத்துக்கொள்வோம், எனக்குத் தெரிந்த தொழில் அது. முதல் படி எழுதி முடித்தாகிவிட்டது. நாலு நாள் அதைத் தொடாமல் வைத்துவிட்டு, அப்புறம் எடுத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும், முணுமுணுப்பாக இல்லாமல் இன்னொருவருக்குக் கேட்கிற மாதிரி. நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள், நின்று திருத்தாதீர்கள், கடைசி வரி வரை போங்கள். அப்போது என்னென்ன கண்ணில் படும் தெரியுமா? "மெல்ல" என்ற சொல் ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் இருக்கும். அப்பா பாத்திரம் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார், அரைப் பக்கம் கழித்து உட்காராமலேயே மறுபடியும் எழுந்திருப்பார். மழை கொட்டிக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து ஓடிவந்த பையனின் தலைமுடி காய்ந்திருக்கும். இரண்டு பேர் சண்டை போடுவார்கள், இருவரும் ஒரே குரலில் பேசுவார்கள், பெயரை மறைத்துவிட்டால் யார் பேசுவது என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் பத்தியில் கதை தொடங்கியே இருக்காது, எழுதுகிறவர் சூடுபிடிப்பதற்காக எழுதிய பத்தி அது, அதை எடுத்துவிட்டால் இரண்டாவது பத்தி நிமிர்ந்து நிற்கும். இவற்றில் எதைத் திருத்தவும் எந்தப் பத்திரிகையின் அனுமதியும் வேண்டாம், எந்த நடுவர் மனம் வைக்கவும் வேண்டாம். நாளைக் காலையிலேயே செய்யலாம். செய்து முடித்த பிறகு கதை முன்பைவிட நன்றாக இருக்கும், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்.

வரைகிறவருக்கும் இதே மாதிரி ஒன்று இருக்கும், பாடுகிறவருக்கும் இருக்கும். சுருதி விலகுகிற அந்த ஒரு இடம் பாடுகிறவருக்கே நன்றாகத் தெரியும்.

அப்புறம் நேரம். ஆந்தனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். விடிகாலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதிவிட்டு ஆபீசுக்குப் போவார். 47 நாவல்கள் எழுதினார். இப்படிச் செய்ததைத் தன் சுயசரிதையில் அவரே எழுதிவைத்தார், அவர் இறந்த பிறகு 1883இல் அது வெளிவந்தபோது, இவர் என்ன கலைஞரா குமாஸ்தாவா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏளனத்தில் உடன்பாடு இல்லை. தன்னால் மட்டுமே நிறைவேற்றக்கூடிய ஒன்றை அவர் இலக்காக வைத்துக்கொண்டார். இன்றைக்கு நல்லதாக ஒன்று எழுதுவேன் என்று சபதம் போட்டால் அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இன்றைக்கு இத்தனை நேரம் உட்காருவேன் என்றால் அது உட்காருகிறவரின் கையில் இருக்கிறது.

எல்லோர் கையிலும் இருக்கிறதா என்றால், இல்லை. விடிகாலையில் எழுந்து எழுது என்று அறிவுரை சொல்கிறவர்களில் பல பேர், இரவில் நாலு முறை எழுந்து படுக்கையில் இருக்கும் தாயைப் புரட்டிவிட்டுப் படுத்தவர்களில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் யாருக்கும் ஐந்தரை மணி சொந்தமில்லை. டிராலப்புக்கோ, அந்த நேரத்துக்குக் காப்பி கொண்டுவந்து எழுப்ப ஒரு வேலையாள் இருந்தார். இதை விட்டுவிட்டு அவர் கதையை மட்டும் சொன்னால் அது ஏமாற்று. 2013இல் நோபல் பரிசு வாங்கிய கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ, குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் எழுதியவர். நாவல் எழுத நேரம் வாய்க்காததும் தான் சிறுகதைக்கு வந்ததற்கு ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த உதாரணம் எனக்கு இன்னும் உபயோகமாகப் படுகிறது. கிடைக்கிற நேரம் சின்னதாக இருந்தால் அதற்குள் அடங்குகிற அளவுக்கு வேலையை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பத்தி. அதுவும் முடியாத நாளில் நாளைக்கு எந்த வரியில் தொடங்க வேண்டும் என்று ஒரு சீட்டில் குறித்துவைத்தால்கூடப் போதும், மறுநாள் உட்கார்ந்ததும் அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

புகழைப் பற்றி யோசிப்பதால் என்ன நஷ்டம், அது பாட்டுக்கு ஒரு பக்கம், எழுத்து பாட்டுக்கு ஒரு பக்கம் என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. தெரசா அமபில் என்ற உளவியலாளர் 1985இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எழுத்துப் பழக்கம் உள்ளவர்களைக் குட்டிக் கவிதை எழுதச் சொன்னார். எழுதுவதற்கு முன் ஒரு பகுதியினரிடம் பணம், பேர், அடுத்தவர் பாராட்டு போன்ற காரணங்கள் அடங்கிய ஒரு பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார், சில நிமிட வேலைதான். அந்தக் கொஞ்ச நேரம் அதை யோசித்தவர்கள் அப்புறம் எழுதிய கவிதைகளைக் கவிஞர்கள் மதிப்பிட்டபோது, அவை மற்றவர்களுடையதைவிடப் படைப்புத் திறன் குறைந்தவையாகத் தெரிந்தன. சில நிமிடத்துக்கே இப்படி என்றால், நாள் முழுக்க எண்ணிக்கையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு ராத்திரி எழுத உட்காருகிறவர் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

அதற்காக, எழுதி எழுதிப் பெட்டியில் போட்டுப் பூட்டு என்று சொல்லவில்லை. அனுப்புவது நம் கையில் இருப்பதுதான், அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒரு நோட்டில் எதை, எங்கே, எந்தத் தேதியில் அனுப்பினேன் என்று எழுதிவைத்துக்கொண்டு, எத்தனை நாள் பொறுத்து வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிட்டால் தினமும் அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. அனுப்பிய அன்றே அடுத்ததன் முதல் வரியை எழுதிவிட வேண்டும், இது ஒன்றை மட்டும் நான் யாரிடமும் அடித்துச் சொல்வேன். திரும்பி வந்தால் வருத்தப்படுவது இயற்கை, ஒரு நாள் முழுக்க வருத்தப்படலாம், அதை யாரும் தடுக்க முடியாது. படித்துப் பார்த்த மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டினால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும். ஒரே ஒருவர் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது அவர் ரசனை, விட்டுவிடலாம். ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வரிவரியாகப் படிப்பது, உரிமை எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த வடிவத்துக்கு என்று கேட்பது, சன்மானம் உண்டா இல்லையா என்று முன்கூட்டியே கேட்பது எல்லாம் நம் கையில் இருப்பவைதான். கேட்கக் கூச்சப்பட்டுவிட்டு அப்புறம் உலகம் ஏமாற்றிவிட்டது என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், உங்களுக்கு எழுதுவதே முக்கியமாக இதற்காகத்தான். துவண்டுபோன கலைஞர்களைத் தேற்ற நாம் எல்லோரும் வான்கோ கதையைச் சொல்கிறோம். உயிரோடு இருந்தபோது அவர் படங்களை வாங்க ஆளில்லை, இன்றைக்குப் பார் என்கிறோம். இந்த ஆறுதலை நான் வெறுக்கிறேன். செத்த பிறகாவது பேர் வரும் என்பதும் நம் கையில் இல்லாத ஒன்றின் மேல் வைக்கிற நம்பிக்கைதான். பேர் வராமலே போனவர்களை நமக்குத் தெரியாது, அதனால் கதையில் அவர்கள் வருவதில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது, அந்தப் பேர் ஒன்றும் காலம் கனிந்து தானாக வந்துவிடவில்லை. வான்கோ 1890 ஜூலையில் இறந்தார், ஆறே மாதத்தில் தம்பி தியோவும் போய்விட்டார். தியோவின் மனைவி ஜொஹானா, கைக்குழந்தையோடும் யாரும் மதிக்காத நூற்றுக்கணக்கான படங்களோடும் தனியாக நின்றார். அவர்தான் ஆண்டுக்கணக்கில் படங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பினார், விமர்சகர்களைத் தேடிப் போனார். 1905இல் ஆம்ஸ்டர்டாமில் 400க்கும் மேற்பட்ட படைப்புகளோடு பெரிய கண்காட்சி நடத்தினார், 1914இல் அண்ணன் தம்பிக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். நம்மிடமே பார்த்தால், தன் எழுத்துகள் எல்லாவற்றையும் நூல்களாக அச்சிட பாரதி 1920இல் போட்ட பெரிய திட்டம் கைகூடவே இல்லை, மறு ஆண்டு செப்டம்பரில் 38 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் அவர் கவிதைகளை நூலாகக் கொண்டுவர முன்வந்தவர் செல்லம்மா.

வான்கோ கையில் இல்லாதது ஜொஹானா கையில் இருந்தது. பாரதி கையில் இல்லாதது செல்லம்மா கையில் இருந்தது. எழுதுகிறவரிடம், முடிவைப் பற்றிக் கவலைப்படாதே, வேலையைப் பார் என்று சொல்வது சரியான பேச்சு. ஆனால் அந்த முடிவை எடுக்கிற நாற்காலியில் இருப்பவர் அதையே சொன்னால் அது தப்பித்துக்கொள்கிற பேச்சாகிவிடும். எழுதுகிறவருக்குக் காற்று மாதிரி, மழை மாதிரி தெரிகிற பல விஷயங்கள் உண்மையில் யாரோ ஒருவர் மேஜை மேல் கிடக்கும் காகிதங்கள். நீங்கள் அந்த மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறவர். அதனால் உரிமையோடு சில விஷயம் கேட்கிறேன்.

கதை, கவிதை, ஓவியம் என்று வருகிற எதற்கும், வந்து சேர்ந்தது என்று ஒரு வரி பதில் அனுப்புங்கள். அதைத் தானாகவே போகிற மாதிரி கணினியில் வைத்துவிடலாம், ஆளே வேண்டாம். இத்தனை வாரத்துக்குள் தகவல் இல்லையென்றால் வேறு இடத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பிதழின் அடியில் ஒரு கெடுவை அச்சிடுங்கள், அச்சிட்டபடி நடந்துகொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணம்கூடத் தேவையில்லை. மறுப்பைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டவர்கள்கூட மாதக்கணக்கான மௌனத்தில் நொறுங்கிப் போகிறார்கள், வந்ததா, படித்தார்களா, தொலைந்துவிட்டதா என்று தெரியாமல் அடுத்த வேலையில் மனம் ஒட்டாமல் அலைகிறார்கள். அந்தக் காத்திருப்பை நீங்கள் நினைத்தால் ஒரே நாளில் இல்லாமல் செய்யலாம்.

இன்னொன்று. எழுத்தாளர் பேட்டி என்று போடும்போது விருதையும் விற்பனையையும் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அடித்துத் திருத்திய ஒரு பக்கத்தை அவரிடம் வாங்கி அப்படியே படமாகப் போடுங்கள், எதை ஏன் வெட்டினார் என்று கேளுங்கள். ஓவியர் என்றால் சரியாக வராமல் ஒதுக்கிவைத்த நாலு முயற்சிகளைக் கேட்டு வாங்குங்கள். நான் சொன்ன அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறக்கும்போது, தங்களாலும் நாளைக்குச் செய்ய முடிகிற ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். ஜெயித்தவர்களின் பட்டியலில் அப்படி எதுவும் கிடைப்பதில்லை.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாதென்றால் முன்பகுதியை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்தக் கெடுவைப் பற்றி எழுதிய பத்தியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
சிறுகதை எழுதும் உங்கள் வாசகர் ஒருவர்